தீட்டாத அரிசியும் செக்கு எண்ணெயும் விற்கப் போகிறீர்களா?

பாரம்பரிய உணவுப்பொருள் கடை வைக்கலாம் என்று யோசனை கேட்க வருபவர்கள், பெரும்பாலும் கடையின் பெயர், பலகை, பனையோலைக் கூடை, மண்சட்டி எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். நான் உணவுத் தொழில்நுட்பம் படித்து, கொங்கு வட்டாரத்தில் சிறு உணவுத் தொழில்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பவன். அவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "நீங்க வாங்கி வைக்கப் போற ஒவ்வொரு பொருளும் எத்தனை நாள் தாங்கும்?" அநேகமாக வரும் பதில், "அரிசி, பருப்பு எங்கங்க கெடப்போகுது?"

கெடும். மளிகைக் கடையில் பழகிய கணக்கு இங்கே உதவாது. பளபளவென்று தீட்டிய வெள்ளை அரிசியில் தவிடு போய்விடுகிறது. தவிட்டோடு போவது அதிலுள்ள எண்ணெய்ச் சத்தும்தான். அதனால் அது நாளாக ஆகத் தாங்குகிறது. பழைய அரிசிக்கு விலையும் அதிகம். தீட்டாத மாப்பிள்ளைச் சம்பாவிலும் கருப்புக் கவுனியிலும் தவிடு அப்படியே இருக்கிறது. காற்றும் வெக்கையும் பட்டால் சில மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும். கம்பு மாவு இன்னும் மோசம். அரைத்த சில நாட்களிலேயே கசப்பு ஏறத் தொடங்கும். உமி நீக்கிய சாமை, வரகு, குதிரைவாலிக்கும் ஆயுள் குறைவு. எதற்காக மக்கள் கூடுதல் விலை கொடுத்து உங்கள் கடைக்கு வருகிறார்களோ, அதுதான் அந்தப் பொருளைச் சீக்கிரம் கெடுக்கவும் செய்கிறது. வாங்கும் அளவு, விலை, பொட்டலம், விளம்பரம் என்று கடையின் எல்லா முடிவும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் பார்த்தவரை இந்த வகைக் கடைகள் மூடப்படுவது ஆள் வராததால் மட்டும் இல்லை. தேங்கிய சரக்கில் முதல் முடங்கிப்போவதுதான் பெரிய காரணம்.

முதலில் அரிசி. நெல் ஜெயராமன் போன்றவர்கள் ஊர் ஊராகத் தேடி விதை சேர்த்து, திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி உழவர்களிடம் கொண்டு சேர்த்த ரகங்கள்தான் இன்று நம் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றில் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்றவை ஐந்தாறு மாதப் பயிர்கள். தை, மாசி அறுவடையை விட்டால் அடுத்த வருஷம்தான். அதனால் புதிதாகக் கடை வைப்பவர் "இப்ப விட்டா கிடைக்காது" என்று பயந்து, அரிசியாகவே இருபது மூட்டை வாங்கி அடுக்கிவிடுகிறார். ஆடி மாதம் வந்தால் அது வண்டு மூட்டை. நல்ல வழி ஒன்று உண்டு. உமியோடு நெல்லாக இருக்கும்வரை அது நன்றாகத் தாங்கும். உழவரிடம் பேசி, முன்பணம் கொடுத்து, நெல்லாகவே அவரிடம் இருப்பு வைக்கச் சொல்லுங்கள். மாதாமாதம் தேவைக்கு அரைத்து வாங்குங்கள். இருப்பு வைக்கும் சிரமத்துக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலியும் கொடுங்கள். இதில் இன்னொரு லாபம், ரகம் எது என்பதில் குழப்பம் வராது. சிவப்பாக இருக்கும் அரிசியெல்லாம் மாப்பிள்ளைச் சம்பா என்ற பெயரில் சந்தையில் ஓடுகிறது. அரிசியாக்கியபின் கண்ணால் பார்த்து ரகம் சொல்வது அனுபவப்பட்டவர்களுக்கே கடினம். வயலும் உழவரும் தெரிந்திருந்தால் மட்டுமே தைரியமாகப் பெயர் சொல்லி விற்கலாம்.

மூட்டை வந்து இறங்கியதும் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடாதீர்கள். தையலைப் பிரித்ததும் மேலே இருப்பது சுத்தமாகத்தான் தெரியும். முழங்கை வரை கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளுங்கள். குதிரைவாலி விரலிடுக்கில் மணல் மாதிரி உதிர வேண்டும். மெல்லிய நூலில் கோத்ததுபோல் கொத்தாக வந்தால், அந்துப்பூச்சியின் புழு உள்ளே வலை பின்னத் தொடங்கிவிட்டது. நடு மூட்டை வெளிப்புறத்தைவிடச் சூடாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஈரமோ பூச்சியோ இருக்கிறது. உள்ளங்கையில் மாவு ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். இந்த மூன்று அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் மூட்டையை அதே வண்டியில் திருப்பி அனுப்பிவிடலாம். வண்டி போனபிறகு போனில் சண்டை போட்டுப் பயனில்லை.

கடைக்குள் இருக்கும் தானியத்தைக் கண்காணிக்க, கோவை வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த பூச்சிப் பொறிக் குழாய் நல்ல துணை. துளைகள் உள்ள அந்தக் குழாயைத் தானியத்துக்குள் செருகி வைத்தால், நடமாடும் வண்டுகள் உள்ளே விழும். கண்ணுக்குத் தெரியும் முன்பே எச்சரிக்கை கிடைத்துவிடும். கொஞ்சம் முதல் போட முடிந்தால் ஒரு டீப் ஃப்ரீசர் வாங்குங்கள். காற்றுப் புகாமல் கட்டிய பாக்கெட்டுகளை மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வைத்தெடுத்தால் முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை விட வேண்டும், இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வண்டு வருகிறது என்று அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கடைக்குள் கொண்டு வராதீர்கள். அது ஈரக்காற்றில் பாஸ்பீன் என்ற விஷவாயுவை வெளியிடும். அரசு அங்கீகாரம் பெற்ற புகைமூட்ட நிறுவனங்கள் மட்டுமே, அடைத்து முத்திரையிட்ட கிடங்கில் பயன்படுத்த வேண்டியது அது. முன்னால் கடை, பின்னால் வீடு என்று இருக்கும் இடத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் தூங்குகிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் எண்ணெய். இந்தக் கடைகளில் ஓடும் சரக்கும் அதுதான், அதிகம் ஏமாற்று நடக்கும் சரக்கும் அதுதான். மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். ஒரு கணக்குக்காகப் பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பருப்புக்கே 325 ரூபாய். கிடைக்கும் ஒன்றரைக் கிலோ புண்ணாக்கைக் கிலோ 45 என்று விற்றால் 67 ரூபாய் திரும்ப வரும். மிச்சம் 258. இதற்கு மேல் ஆட்கூலி, கரண்ட், பாட்டில், லேபிள், வடிகட்டுவதில் சேதாரம். வாடகையும் உங்கள் லாபமும் இன்னும் சேரவில்லை. இந்த நிலையில் ஒருவர் உங்களுக்கு லிட்டர் 220க்குச் செக்கு எண்ணெய் தருகிறேன் என்றால், அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று கணக்கே சொல்லிவிடுகிறது. ஆய்வகம்கூடத் தேவையில்லை. அன்றைய பருப்பு விலையைத் தினமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாடிக்கையாளர் "அங்க கம்மியா இருக்கே" என்று கேட்கும்போது, அந்த நோட்டையே எடுத்துக் காட்டலாம்.

தேங்காய் எண்ணெய்க்கு வேறு கவலை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தேங்காய்க் களங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேங்காய்ப் பருப்பில் பூஞ்சை பிடிக்காமலும் வெள்ளையாகவும் இருக்கக் கந்தகப் புகை போடுவது அங்கே நெடுநாள் பழக்கம். கந்தகம் போடாத பருப்புக்கு விலை கூடுதல், மழைக்காலத்தில் சீக்கிரம் பூஞ்சையும் பிடிக்கும். "கந்தகம் இல்லாதது" என்று பாட்டிலில் அச்சடிப்பதற்கு முன், பருப்பு எந்தக் களத்தில் காய்ந்தது, மழை நாட்களில் எப்படிக் காயவைத்தார்கள் என்பதை நேரில் போய்ப் பாருங்கள்.

கடலை எண்ணெயில் நான் அதிகம் பயப்படுவது அஃப்ளாடாக்சினுக்கு. ஈரத்தோடு சேமித்த நிலக்கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கும் நச்சு அது. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உறுதி செய்யப்பட்டது. சமையல் சூட்டில் அழியாது. ஆலைகளில் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அது பெருமளவு நீங்கிவிடுகிறது. செக்கு எண்ணெயில் அந்தப் படி கிடையாது. ஆகவே செக்கில் போடும் முன்பு கருத்த, சுருங்கிய, பூஞ்சை பிடித்த பருப்பைப் பொறுக்கி நீக்குவதுதான் முக்கியமான காவல். "எப்படியும் நசுங்கத்தானே போகுது" என்று மலிவான சொத்தைப் பருப்பை வாங்கிச் செக்கில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புண்ணாக்கைத் தின்னும் மாட்டின் பாலிலும் அந்த நச்சின் மாற்றுருவம் இறங்கும். எண்ணெய் வாங்கப் போகிற செக்குக்காரரிடம் பருப்புப் பொறுக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு ஆளைத் தேடுங்கள்.

எண்ணெயை வெயிலில் தெளிய வைப்பதும், கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் கடை முகப்பில் வெயில் படும்படி அடுக்குவதும் பார்க்க அழகுதான். ஆனால் சுத்திகரிக்காத எண்ணெய்க்கு வெளிச்சம் ஆகாது. நிழலில், எவர்சில்வர் பாத்திரத்தில் துணி கட்டித் தெளியவிட்டு, கசடு இல்லாமல் வடிகட்டி, இருட்டான அலமாரியில் வையுங்கள்.

பாத்திரம் கொண்டு வந்தால் அளந்து ஊற்றித் தருகிறோம் என்பது இந்தக் கடைகளில் இப்போது பரவலாகிவிட்டது. பிளாஸ்டிக்கைக் குறைக்கும் எண்ணம் நல்லதுதான். ஆனால் சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பது சட்டப்படி தடை. 1998இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு என்ற நச்சுச் செடியின் விதை எண்ணெய் கலந்து, அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் பொட்டலமிட்டு லேபிள் ஒட்டியே விற்க வேண்டும் என்ற விதி இறுகியது. எவர்சில்வர் கேனில் அடைத்து, முத்திரையிட்டு, லேபிளோடு விற்று, காலிக் கேனைத் திரும்ப வாங்கி நன்றாகக் கழுவிப் பயன்படுத்துவது ஒரு வழி.

உரிமத்தில் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் இது. சில்லறை விற்பனை என்று மட்டும் பதிவு எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு மூட்டையாக வாங்கி, அரைக் கிலோ, ஒரு கிலோவாகத் தங்கள் பெயர் போட்ட கவரில் அடைத்து விற்கிறார்கள். அப்படிச் செய்தால் நீங்கள் மறுபொட்டலமிடுபவர். கடைக்குள் செக்கு ஓட்டினால் உற்பத்தியாளர். உணவுப் பாதுகாப்புத் துறை பதிவில் அந்தந்த வகையும் சேர்ந்திருக்க வேண்டும். லேபிளில் உங்கள் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், சைவக் குறி, தொகுதி எண், பொட்டலமிட்ட தேதி, காலாவதித் தேதி, நிலக்கடலை போன்ற ஒவ்வாமைப் பொருள் பற்றிய குறிப்பு எல்லாம் வேண்டும். எடையளவுச் சட்டப்படி பொட்டலமிடுபவர் பதிவு தனியாக உண்டு. மின்னணுத் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை தொழிலாளர் துறையிடம் முத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் கடை திறக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

எழுதி ஒட்டும் வாசகங்களில் மிகைப்படுத்தக் கூடாது. "கருப்புக் கவுனி சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்ற பலகையை எத்தனையோ கடைகளில் கழற்றச் சொல்லியிருக்கிறேன். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது குற்றம். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவு இடம் தருகிறது. அபராதத்தைவிட எனக்குப் பெரிய வருத்தம் வேறு. அந்தப் பலகையை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. பட்டை தீட்டாவிட்டாலும் அரிசி அரிசிதான், அதில் மாவுச்சத்து இருக்கிறது. அளவோடு சாப்பிடுங்கள், மருந்தை மருத்துவரைக் கேட்காமல் விடாதீர்கள் என்று கல்லாவில் நிற்கும் பையனுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

"ஆர்கானிக்" என்ற வார்த்தையும் அப்படியே, சான்றிதழ் இல்லாமல் போடக் கூடாது. சிறு உழவர் தன் விளைச்சலை நேரடியாகச் சாப்பிடுகிறவருக்கு விற்றால் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. இடையில் இருக்கும் கடைக்காரருக்கு அந்த விலக்கு இல்லை. சான்று இல்லாத நல்ல பொருளை "இன்ன ஊர் இன்ன உழவர் விளைவித்தது" என்று எழுதி விற்பது நேர்மையாகவும் இருக்கும், மதிப்பும் கிடைக்கும்.

தேன், கருப்பட்டி இரண்டையும் முதல் வருஷம் தொடாமல் இருந்தால்கூட நல்லது என்பேன். தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது எதுவும் சர்க்கரைப் பாகுக் கலப்படத்தைக் காட்டித் தராது. கருப்பட்டிக்குப் பதநீர் இறங்கும் பருவம் உண்டு. பருவம் முடிந்து பல மாதம் கழித்து மலிவாகவும் ஏராளமாகவும் புதுக் கருப்பட்டி வருகிறது என்றால், வாங்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள்.

கடைசியாக, காகிதம். யாரிடம் வாங்கினாலும் பில் வாங்குங்கள். கலப்படம் செய்தது யாராக இருந்தாலும், அவர் யாரென்று காட்ட முடியாவிட்டால் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். பில்லோடு, பொருள் தரமானது என்று விற்பவர் எழுதித்தரும் உத்தரவாதப் படிவத்தையும் கேட்டு வாங்கி, தொகுதி எண் வாரியாகக் கோப்பில் வையுங்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரி பரிசோதனைக்காகப் பொருளின் மாதிரியை எடுக்க வந்தால் பதற்றப்பட வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம். மாதிரியை நான்கு பாகமாகப் பிரித்து உங்கள் முன்னிலையில் முத்திரையிடுவார்கள். அதில் ஒரு பாகத்தை உங்கள் செலவில் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதை அப்போதே, அங்கேயே, எழுத்தில் கேளுங்கள்.