முன்பாரம், பின்பாரம்: கரவன் இழுப்பதன் அறிவியல்

மாட்டுவண்டி ஓட்டியவர்கள் மூட்டை ஏற்றும்போதே முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள். முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலெழும்பி, கழுத்துக்கயிறு தொண்டையை இறுக்கும். ஜீப்பின் பின்னால் கரவனை, அதாவது சில்லு பூட்டிய இழுவை வீட்டை, பூட்டிக்கொண்டு திருகோணமலையின் நிலாவெளிக் கடற்கரைக்கு வருபவருக்கும் இதே கணக்குத்தான். பின்பாரம் கூடிய கரவன் வீதியில் பாம்புபோல நெளியத் தொடங்கும்.

கரவனின் புவியீர்ப்பு மையம் அச்சுக்கு முன்னால் இருந்தால், பக்கக்காற்று தள்ளினாலும் ரயர்களின் பிடிப்பு அதைப் பழைய கோட்டுக்கே கொண்டுவந்துவிடும். மையம் அச்சுக்குப் பின்னால் போனால் வால்பகுதி ஊசல்போல ஆடி, ஒவ்வோர் ஆட்டத்திலும் ஜீப்பின் பின்புறத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். மெதுவாகப் போகும்போது இந்த ஆட்டம் தானாக அடங்கும்; ஒரு வேகத்தைத் தாண்டியதும் வளரத் தொடங்கும். உப்புவெளியிலிருந்து நிலாவெளிக்கு வீதி வடக்கு நோக்கிப் போகிறது. கச்சான் காற்று வீசுவதோ மேற்கிலிருந்து. அந்தக் காற்று கரவனின் இடப்பக்கச் சுவரில் மோதும். சாம்பல்தீவுப் பாலத்தில் ஏறும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நெளிவு தொடங்கிவிட்டால் அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். பிரேக்கை ஓங்கி மிதித்தால் கரவன் பின்னாலிருந்து தள்ளி, ஜீப்பும் கரவனும் மடக்குக்கத்திபோல மடங்கிவிடும். ஸ்டியரிங்கை மாற்றி மாற்றித் திருப்பினால் கை எப்போதும் ஆட்டத்துக்கு ஒரு கணம் பிந்தும். அதனால் ஆட்டம் கூடும். அடங்கியதும் ஓரமாக நிறுத்தி, பாரத்தை முன்னுக்கு மாற்றுங்கள்.

கரவனை ஜீப்போடு பூட்டும் கொழுக்கியில் எவ்வளவு பாரம் இறங்க வேண்டும்? ஐரோப்பியக் கரவன்களுக்கு மொத்த நிறையில் 5 முதல் 7 விழுக்காடு, அமெரிக்க ட்ரெய்லர்களுக்கு 10 முதல் 15 விழுக்காடு என்பது வழக்கம். உங்கள் கொழுக்கித் தகட்டில் பொறித்துள்ள உச்ச அளவை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக்கூடாது. உடல் நிறை பார்க்கும் தராசே இதை அளக்கப் போதும். சமதரையில் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கொழுக்கி உயரத்துக்கு வெட்டிய மரத்துண்டைத் தராசில் நிறுத்தி, கரவனின் முன்முனையை அதில் மெல்ல இறக்குங்கள்.

1000 கிலோ கரவனில் 70 கிலோ காட்டுகிறது என்று வைப்போம். அச்சுக்கு 1.2 மீற்றர் பின்னால் உள்ள தண்ணீர்த் தாங்கியில் 60 லீற்றர், அதாவது 60 கிலோ, நிரப்புகிறீர்கள். அச்சிலிருந்து கொழுக்கி 3.6 மீற்றர் தூரம். 60 × 1.2 ÷ 3.6 = 20 கிலோ. நெம்புகோல் விதிப்படி முன்பாரத்தில் அவ்வளவு குறைந்து 50 கிலோ ஆகும். 1060 கிலோவுக்கு இது 5 விழுக்காடுகூட இல்லை. தாங்கியைப் போய்ச் சேர்ந்த பிறகு நிரப்புவதே நல்லது.

கொழுக்கிப் பந்தையும் கவனியுங்கள். ஐரோப்பிய அளவு 50 மில்லிமீற்றர். அமெரிக்க 2 அங்குலப் பந்து 50.8. பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் 50க்குச் செய்த கப்ளிங் (பந்தைக் கவ்வும் கரவனின் முனை), 2 அங்குலப் பந்தில் முழுதாகப் பூட்டாது. பூட்டிய பின், கரவனின் முனையைத் தாங்கும் சிறிய முன்சில்லின் கைபிடியைச் சுற்றி அந்த முனையை உயர்த்திப் பாருங்கள். ஜீப்பின் பின்புறமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு விழுந்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள்; பூட்டு கழன்றாலும் முனை தார்வீதியில் குத்தாமல் அந்தத் தூளியில் விழும்.

தங்குமிடத்தில் பின்னோக்கி எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடியுங்கள். கை போகும் பக்கமே கரவனின் வாலும் போகும். நம் வாகனங்களில் சாரதி இருக்கை வலப்பக்கம் என்பதால், வலப்பக்கமாக வளைத்து எடுத்தால் வாலைக் கண்ணால் பார்க்கலாம். தென்னைக்குக் கீழே நிறுத்தவே வேண்டாம்.

திருகோணமலையின் கடற்கரை மணல் இன்னொரு சோதனை. தாங்குகால் ஒன்றில் 250 கிலோ இறங்குகிறது, அதன் பாதம் 10 × 10 சென்ரிமீற்றர் என்றால், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் இரண்டரைக் கிலோ அழுத்தும். இரவோடிரவாக அந்தக் கால் மணலில் புதையும். 30 × 30 சென்ரிமீற்றர்ப் பலகையை அடியில் வைத்தால் அதே பாரம் 0.28 கிலோவாகப் பரவிவிடும்.

மட்டம் பார்ப்பதில் ஒழுங்கு முக்கியம். ஜீப்பைக் கழற்றும் முன், தாழ்ந்த பக்கச் சில்லைப் பலகை மேல் ஏற்றி இடவல மட்டத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை, கைபிரேக். அதன் பின்பே கழற்றுவது. முன்பின் மட்டத்தை முன்சில்லால் சரிசெய்த பிறகு நான்கு மூலைக் கால்களையும் இறக்குங்கள். அவை ஆட்டம் நிறுத்த மட்டுமே. அவற்றால் கரவனைத் தூக்கினால் சட்டம் வளையும்.

மட்டம் தூக்கத்துக்காக மட்டும் தேவைப்படுவதில்லை. எரிவாயுவில் ஓடும் குளிர்சாதனப் பெட்டியில் பம்பி கிடையாது. அமோனியாவும் நீரும் புவியீர்ப்பால்தான் குழாய்களில் இறங்குகின்றன. சரிவில் திரவம் தேங்கினால் கொதிகுழாய் அளவுமீறிச் சூடாகி, துரு தடுக்கச் சேர்த்த உப்பு படிந்து குழாயை நிரந்தரமாக அடைத்துவிடும். மேசன்மாரின் நீர்மட்டத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பாருங்கள்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும் என்பதால், தரையிலுள்ள துவாரங்களை மணலோ பாயோ மூடக்கூடாது. 230 வோல்ற் இணைப்பை 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச் வழியாகவே எடுங்கள். சுருளில் உள்ள வயரை முழுதாக அவிழ்த்து விரியுங்கள். சுற்றியபடியே ஏசியை ஓடவிட்டால் சூடு வெளியேற வழியின்றி வயர் உருகும்.

பக்கத்தில் விரிக்கும் துணிக்கூரை, காற்றுக்கு ஒரு பாய்மரம். 2.5 × 3 மீற்றர்த் துணியை மணிக்கு 36 கிலோமீற்றர்க் காற்று நேராகப் பிடித்தால் 45 கிலோ அளவு விசை. காற்று ஒன்றரை மடங்கானால் விசை நூறு கிலோவைத் தொடும். மணலில் சிறிய முளைகள் நிற்காது. உரப்பையில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதையுங்கள். புறாத்தீவுக்குப் படகேறப் போவதானால் துணியைச் சுருட்டி வைத்துவிட்டே போங்கள்.