படியேறுகிறவர் வாசலில் ஏன் நிற்கிறார்?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். கூடத்திலிருந்து வந்தால் சமையலறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, நின்றுவிடுகிறார். மாடிப்படியில் மட்டும் விறுவிறுவென்று ஏறுகிறார். நடிக்கிறாரோ என்று அம்மாவுக்குச் சந்தேகம்.”

நடிக்கவில்லை. இந்த நோயைப் பற்றிப் படித்ததில் என்னை அதிகம் வியக்கவைத்ததும் இதுதான்.

தெரிந்த கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரைக் கவனித்து இந்நோயை விவரித்தார். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. சும்மா இருக்கும் கையில் நடுக்கம், உடலில் இறுக்கம், அசைவில் மந்தம். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். நடுமூளையில் கறுப்பாக ஒரு பட்டை உண்டு. அங்கே டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் சாகச் சாகப் பட்டை வெளுக்கிறது, நோய் முற்றுகிறது.

டோபமினைப் பலர் பெட்ரோல்போல நினைக்கிறார்கள். எனக்கு ரயில் பிரேக்தான் நினைவுக்கு வரும். ரயிலில் குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரைதான் பிரேக் விலகியிருக்கும். அபாயச் சங்கிலியை இழுத்தால் காற்று வெளியேறி, பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது. பிடித்திருப்பதுதான் இயல்பு, விடுவிக்கத்தான் ஏற்பாடு வேண்டும். மூளையின் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகளும் அப்படியே. அவற்றின் கடைசிக் கட்டச் செல்கள் ஓயாமல் துடித்து, ‘அசையாதே, அசையாதே’ என்று, அசைவுக்கான சைகையை மூளையின் மேற்பரப்புக்குக் கடத்தும் தலாமஸ் பகுதியை அடக்கிவைக்கின்றன. ஒரு காலை எடுத்து வைக்க வேண்டுமானால், அந்த அசைவுக்குரிய இடத்தில் மட்டும் இந்தக் கூச்சல் ஒரு கணம் ஓய வேண்டும். அடக்குகிறவரை அடக்கித்தான் நாம் நடக்கிறோம்! அதற்கு உதவுவது டோபமின். அது குறைந்தால் எஞ்சினில் பழுதில்லாமலேயே வண்டி நிற்கும்.

அப்படியானால் மாடிப்படி? யோசிக்காமல் நடக்கும் பழகிய நடை இந்த முடிச்சுகளை நம்பியிருக்கிறது. ‘இதோ இந்த விளிம்பில் கால் வை’ என்று கண் பார்த்து வைக்கும் அடிக்கு, மூளையின் மேற்பரப்பும் சிறுமூளையும் சேர்ந்து மாற்றுப்பாதை போடுகின்றன. படிக்குப் படி விளிம்பு இருக்கிறது. வழவழப்பான தரையில் இல்லை. போதாததற்கு வாசல் குறுகலாக இருந்தால் உறைந்து நிற்பது இன்னும் கூடும்.

நோய் இப்படித் தெரியவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிடுகிறது. என் பெரியப்பாவின் காசோலை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று இரண்டு முறை திரும்பியது. வங்கிக்காரர்களைத் திட்டினோம். பழைய கையெழுத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதியது பாதி அளவு. கடைசி எழுத்துகள் எறும்பு வரிசை. நடுக்கம் வந்தது ஒன்றரை வருடம் கழித்து. அதற்கும் முன்பே பெருங்காய வாசனை தெரியவில்லை என்பார். சளி என்று விட்டுவிட்டோம்.

இந்த நோயில் நரம்புச் செல்களில் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் கோணலாக மடிந்து, பக்கத்துப் புரதத்தையும் அப்படியே மடியவைத்துத் திரண்டுகொள்கிறது. ஜெர்மன் ஆய்வாளர் ஹைகோ பிராக் 2003இல் முன்வைத்த வரிசைப்படி, அது முதலில் தலைகாட்டுவது முகர்வுப் பகுதியிலும், குடலுக்குப் போகும் நரம்பு கிளம்பும் மூளைத்தண்டிலும். மோப்பம் குறைவதும், மலச்சிக்கலும், கனவில் கை கால் உதைப்பதும் முந்திக்கொள்வது அதனால்தான். நடுக்கம் தெரியும்போது கறுப்புப் பட்டையின் செல்களில் ஏறத்தாழப் பாதி போயிருக்கும்.

காரணங்களில் வயதுக்கே முதலிடம். சிலருக்கு மரபணு, பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகளின் மீதும் சந்தேகம் உண்டு. செய்வினை இந்தப் பட்டியலில் இல்லை. மந்திரித்த கயிற்றிலேயே இரண்டு வருடத்தை வீணாக்கிய குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன், கோபம்தான் வந்தது.

மருந்து லெவோடோபா. டோபமின் மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழைந்து டோபமினாக மாறும். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து சுவீடனின் அர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தா வேரில் கிடைக்கும் ரிசர்பினைக் கொடுத்து முயல்களை அசையாமல் கிடக்கவைத்தார். லெவோடோபா செலுத்தியதும் அவை எழுந்து நடமாடின. ‘உடனடிப் பயன் என்ன?’ என்று கேட்கும் இன்றைய நிதிக்குழுவிடம் அந்த விதை ஆராய்ச்சி தேறியிருக்குமா என்பது சந்தேகமே. (அதற்காகப் பூனைக்காலிப் பொடியை வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள், அளவு பிடிபடாது.)

லெவோடோபா குடலிலும் மூளையிலும் நுழையும் வாசலில்தான் புரத உணவின் அமினோ அமிலங்களும் முண்டியடிக்கின்றன. சுண்டல் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் மருந்து பின்தங்கிவிடும். அப்பா எப்போது போடுகிறார் என்று பாருங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சமையலறை வாசலில், ஓர் எட்டுக்கு ஒன்றாகக் குறுக்கே வண்ண நாடா ஒட்டுங்கள். அவர் நாடாவைப் பார்த்துத் தாண்டும்போது அம்மாவையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.