பூனையின் ரோமமும் உலர் உணவின் கொழுப்பும்

பூனைக்கான உலர் உணவுப் பைகளில் ‘பளபளக்கும் ரோமம், ஆரோக்கியமான தோல்’ என்ற வாசகம் இல்லாத பையைக் காண்பது அரிது. அந்த வாசகம் இருப்பதனாலேயே ஒரு தீனி மற்றவற்றைவிட மேலானது என்று கொள்ள முடியாது. பையின் முகப்பைக் காட்டிலும் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளே நமக்குப் பயன்படும். ரோமம் எதனால் ஆனது, தோல் தன்னை எவ்வாறு காத்துக்கொள்கிறது, தீனி ஆலையில் எவ்வாறு உருவாகிறது என்பனவற்றை ஓரளவு அறிந்தால் அந்தச் சிறிய எழுத்துகள் பேசத் தொடங்கும். பெரும்பாலோர் முதலில் பார்ப்பது புரத அளவைத்தான். என் கருத்தில், நல்ல புரதம் உறுதியான பிறகு ரோமத்தின் தரத்தை முடிவு செய்வது கொழுப்பு. அது எந்த விலங்கின் அல்லது தாவரத்தின் கொழுப்பு, கெடாமல் பூனையின் வயிற்றுக்குள் போகிறதா என்ற இரண்டையும் யாரும் போதிய அளவு கேட்பதில்லை.

புரதத்தை ஒதுக்கிவிட முடியாது என்பதும் உண்மையே. ரோமத்தின் எடையில் 90 விழுக்காட்டுக்கும் மேலானது கெராட்டின் என்ற புரதம். கெராட்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பது கந்தகம் அடங்கிய சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். அதை மெத்தியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலத்திலிருந்து உடல் உருவாக்கிக்கொள்ளும். பூனை நாள்தோறும் உண்ணும் புரதத்தில் கால் பங்குக்கும் மேல் தோலையும் ரோமத்தையும் புதுப்பிக்கவே செலவாவதாக மதிப்பிடப்படுகிறது. புரதம் குறையும்போது உடல் இதயத்துக்கும் கல்லீரலுக்கும் முதலிடம் கொடுத்து, ரோமத்தைக் கடைசியில் நிறுத்துகிறது. ஆகவே சத்துக் குறைபாடு முதலில் வெளிப்படும் இடங்களுள் ரோமமும் ஒன்று: அது மெலிந்து, மங்கி, எளிதில் ஒடிந்துபோகிறது. நாயும் மனிதனும் புரதம் குறைந்த நாட்களில் அதைச் சிக்கனமாகச் செலவிடுவார்கள். பூனையின் கல்லீரலோ உணவில் புரதம் குறைந்தாலும் அமினோ அமிலங்களை எரிக்கும் வேகத்தை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்வதில்லை.

அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் வரையறைப்படி, வளர்ந்த பூனையின் உணவில் நீரை நீக்கிய எடையில் குறைந்தது 26 விழுக்காடு புரதமும் 9 விழுக்காடு கொழுப்பும் இருக்க வேண்டும். குட்டிகளுக்கும் சினையாகவோ பாலூட்டிக்கொண்டோ இருக்கும் பூனைகளுக்கும் புரதம் 30 விழுக்காடு. ‘நீரை நீக்கிய எடை’ என்ற சொற்கள் முக்கியமானவை. 10 விழுக்காடு ஈரமுள்ள உலர் உணவின் லேபிளில் புரதம் 30 விழுக்காடு என்றிருந்தால், 30-ஐ 90-ஆல் வகுத்து 33 விழுக்காடு என்று கொள்ள வேண்டும். 78 விழுக்காடு நீருள்ள ஈர உணவின் லேபிளில் 10 விழுக்காடு என்றிருந்தாலும், நீரை நீக்கிப் பார்த்தால் அதன் புரதம் ஏறத்தாழ 45 விழுக்காடு. மாவுச்சத்தின் அளவைப் பல லேபிள்கள் சொல்வதே இல்லை. புரதம், கொழுப்பு, ஈரம், நார், சாம்பல் ஆகியவற்றைக் கூட்டி நூறிலிருந்து கழித்தால் அது தெரிந்துவிடும்.

லேபிளில் காணும் ‘கச்சாப் புரதம்’ என்ற எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த யோகான் கெல்டால் 1883-இல் வகுத்த முறையில் உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்குகிறார்கள். நைட்ரஜன் இறைச்சியிலிருந்து வந்ததா, இறகிலிருந்து வந்ததா, வேறு வேதிப்பொருளிலிருந்து வந்ததா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. 2007-இல் கோதுமைப் புரதத்தில் நைட்ரஜன் செறிந்த தொழிற்சாலை வேதிப்பொருளான மெலமைன் கலக்கப்பட்டு, பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததும், ஏராளமான தீனிகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டதும் இந்த ஓட்டையின் வழியாக நிகழ்ந்தவையே. எனவே எண்ணோடு சேர்த்து மூலப்பொருள் பட்டியலையும் படிக்க வேண்டும். பட்டியல், ஆலைக்குள் சேர்க்கப்படும்போது பொருளுக்கு இருந்த எடையின் இறங்குவரிசையில் அமைந்தது. முதலிடத்தில் நிற்கும் ‘புதிய கோழி’யில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர், அது உலர்ந்தபின் பட்டியலில் கீழே இறங்கிவிடக்கூடும். அடுத்து நிற்கும் ‘கோழி மாவு’ ஏற்கெனவே நீர் நீக்கப்பட்டது. பெயர் கவர்ச்சியாக இல்லாவிட்டாலும் புரதத்தை உண்மையில் கொண்டுவருவது பெரும்பாலும் அதுதான். எந்த விலங்கு என்று பெயர் சொல்லாமல் ‘இறைச்சி மாவு’ என்று மட்டும் எழுதியிருப்பதை நான் தவிர்ப்பேன்.

இனி கொழுப்பு. தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் செங்கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்க, அவற்றின் இடைவெளியைச் செரமைடு முதலிய கொழுப்புகள் சாந்தைப் போல நிரப்புகின்றன. உடலின் நீர் தோல் வழியே ஆவியாகிப் போகாமல் தடுப்பது இந்தக் கொழுப்பு அடுக்கே. அதன் முக்கியமான செரமைடுகளில் லினோலெயிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பமிலம் பிணைந்திருக்க வேண்டும். எந்தப் பாலூட்டியாலும் லினோலெயிக் அமிலத்தைத் தானே உருவாக்க முடியாது. உணவில் அது குறைந்தால் தடுப்பு தளர்ந்து, தோல் வறண்டு, பொடுகு உதிரத் தொடங்கும். ரோமம் பளபளப்பை இழக்கும்.

பூனைக்கு இதற்கு மேலும் ஒரு குறை உண்டு. மற்ற பல விலங்குகள் லினோலெயிக் அமிலத்திலிருந்து அராக்கிடோனிக் அமிலம் என்ற மற்றோர் ஒமேகா-6 கொழுப்பமிலத்தைத் தயாரித்துக்கொள்ளும். பூனையால் அதைப் போதிய அளவு செய்ய இயலாது என்பதை ரிவர்ஸ், சின்க்ளேர், கிராஃபோர்டு ஆகியோர் 1975-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அதற்குத் தேவையான டெல்டா-6 டிசாச்சுரேஸ் என்ற நொதி பூனையில் மிகக் குறைவாகவே வேலை செய்கிறது. அராக்கிடோனிக் அமிலம் தாவர எண்ணெய்களில் இல்லை. விலங்குக் கொழுப்பில்தான் உண்டு. எலியையும் பறவையையும் தின்று வாழும் உயிருக்கு அதைத் தானே தயாரிக்கும் தேவை எழவில்லை போலும். ஆளிவிதை எண்ணெய் ஒமேகா-3 நிறைந்தது என்ற விளம்பரமும் இந்த நொதியிடம்தான் தோற்கிறது: ஆளிவிதையில் உள்ள ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தைப் பூனை, தன் உடலுக்குப் பயன்படும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பமிலங்களாக மிகச் சொற்பமாகவே மாற்றுகிறது. அவை வேண்டுமானால் மீன் எண்ணெயில் நேரடியாக வர வேண்டும். இவ்விரண்டும் செல் சவ்வுகளில் அராக்கிடோனிக் அமிலத்தின் இடத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு அழற்சியை மட்டுப்படுத்துகின்றன. அரிப்புள்ள பூனைகளுக்கு மீன் எண்ணெய் பரிந்துரைக்கப்படுவதன் அடிப்படை இதுவே.

ஆகவே லேபிளில் தேட வேண்டியது ‘ஒமேகா’ என்ற சொல்லை அன்று, அது எதிலிருந்து வருகிறது என்பதை. கோழிக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு லினோலெயிக் அமிலம் உண்டு, அராக்கிடோனிக் அமிலமும் சிறிது உண்டு. மாட்டுக் கொழுப்பில் லினோலெயிக் அமிலம் மிகக் குறைவு. பெயர் சொல்லப்பட்ட விலங்குக் கொழுப்பு ஒன்றும் மீன் எண்ணெயும் பட்டியலில் இருந்தால் அடிப்படை சரியாக உள்ளது எனலாம்.

அடிப்படை சரியாக இருந்தும் பலன் கிடைக்காமல் போவதற்கான காரணம் உலர் உணவு தயாராகும் விதத்திலேயே இருக்கிறது. அரைத்த மூலப்பொருள்களோடு நீரும் நீராவியும் சேர்த்து, அழுத்தத்தில் 100 பாகை செல்சியஸுக்கும் மேல் சூடாக்கி, அச்சுத் துளை வழியே பிதுக்குகிறார்கள். வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென்று குறைவதால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, துண்டு பொரிபோல உப்பி, நுண்துளைகள் நிறைந்ததாகிறது. இந்த உப்பலுக்கும் பிடிப்புக்கும் மாவுச்சத்து தேவை. ‘தானியமற்றது’ என்று விற்கப்படும் தீனியிலும் பட்டாணியோ உருளைக்கிழங்கோ அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். பிறகு ஈரம் 10 விழுக்காட்டுக்குக் கீழே போகுமளவு உலர்த்தி, சுழலும் உருளையில் இட்டு, உருகிய கொழுப்பையும் ஈரலிலிருந்து எடுத்த சுவைக்கூழையும் மேலே தெளிக்கிறார்கள். ஒரு துண்டை வெள்ளைத் தாளில் வைத்துத் தேய்த்தால் படியும் எண்ணெய்க் கறை பெரும்பாலும் இந்த மேற்பூச்சுதான்.

அதாவது, நாம் பணம் கொடுத்து வாங்கும் கொழுப்பில் பெரும்பகுதி துண்டின் மேற்பரப்பிலும் நுண்துளைகளின் சுவரிலும் மெல்லிய படலமாகக் காற்றுக்கு முகம் காட்டிக்கொண்டிருக்கிறது. குறைந்த ஈரம் பூஞ்சையைத் தடுக்கும், ஆக்சிஜனைத் தடுக்காது. கொழுப்பமிலத்தில் இரட்டைப் பிணைப்புகள் கூடக்கூட ஆக்சிஜன் அதை எளிதில் தாக்கும். லினோலெயிக் அமிலத்தில் அவை இரண்டு, அராக்கிடோனிக் அமிலத்தில் நான்கு, இ.பி.ஏ.வில் ஐந்து, டி.எச்.ஏ.வில் ஆறு. தோலுக்கு மிகவும் வேண்டியவையே முதலில் கெடுகின்றன. ஓரிடத்தில் தொடங்கிய சிதைவு பக்கத்து மூலக்கூறுகளுக்கும் சங்கிலியாகப் பரவி, உடனிருக்கும் வைட்டமின் ஈ-யையும் தின்று தீர்க்கிறது. ஆலைகள் டோகோஃபெரால், ரோஸ்மேரிச் சாறு, அல்லது பி.எச்.ஏ., பி.எச்.டி. போன்ற செயற்கைத் தடுப்பான்களைச் சேர்ப்பது இதற்காகத்தான். இயற்கைத் தடுப்பான்கள் கேட்பதற்கு இனியவை. ஆனால் அவற்றின் பாதுகாப்பு பொதுவாகக் குறுகிய காலத்துக்கே.

பையில் அச்சிட்ட காலாவதி நாள் திறக்காத பைக்கு உரியது. 4 கிலோ எடையுள்ள பூனை நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 கிராம் உலர் உணவு உண்ணும் என்று கொண்டால், 2 கிலோ பை ஐந்து வாரத்தில் தீரும். 10 கிலோ பை ஆறு மாதம் ஓடும். சிக்கனம் கருதிப் பெரிய பையை வாங்குபவர், முதல் மாதத்துக்குப் பின்னர் விலை கொடுத்த கொழுப்பமிலங்களில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தீரும் பையை வாங்கி, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை மடித்துக் கட்டி, வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் வைப்பதே போதுமானது. டப்பாவில் வைப்பதாயின் பையோடு வைக்கலாம். தீனியை நேரே கொட்டினால் டப்பாவின் சுவரில் எண்ணெய் படிந்து, அது சிக்குப்பிடித்து, அடுத்து வரும் புதிய தீனியையும் கெடுக்கும். பையைத் திறந்ததும் ஒருமுறை முகர்ந்து அந்த வாசனையை நினைவில் கொண்டால், பின்னர் சிக்கு வாடை எழும் நாளை அடையாளம் காணலாம். நேற்றுவரை உண்ட தீனியைப் பூனை திடீரென்று முகர்ந்துவிட்டு விலகினால், அதை அடம் என்று தள்ளிவிட வேண்டாம்.

கிண்ணத்தில் எண்ணெயைக் கூடுதலாக ஊற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. ஆலிவ் எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் பூனையின் தோலுக்கு வேண்டியவை குறைவு, கலோரி மட்டும் நிறைய. மீன் எண்ணெய் வைட்டமின் ஈ இல்லாமல் மிகுந்தால் தோலடிக் கொழுப்பு வீங்கி வலிக்கும் மஞ்சள் கொழுப்பு நோய் வரும். சூரை மீனை மட்டுமே உண்டு வந்த பூனைகளில் இது காணப்பட்டிருக்கிறது. மீன் ஈரல் எண்ணெய் இன்னும் ஆபத்தானது, ஏனெனில் அதில் வைட்டமின் ஏ செறிந்திருக்கிறது. கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டினைப் பூனையால் வைட்டமின் ஏ-யாக மாற்ற முடியாது என்பதால், விலங்கிலிருந்து வரும் வைட்டமின் ஏ அதற்குத் தேவைதான். ஆனால் நீண்டகாலம் மிகுதியாகச் சேர்ந்தால் கழுத்தெலும்புகள் ஒட்டி வளர்ந்துவிடும். துத்தநாகம் தோல் செல்களின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது. தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள ஃபைடேட் அதைப் பிடித்துவைத்து உறிஞ்ச விடாமல் செய்யும். ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்ற குறிப்பு பையில் இருந்தால் இத்தகைய நுண்சத்துகள் கணக்கிடப்பட்டிருக்கின்றன என்று பொருள். அது இல்லாத பை எவ்வளவு அழகாக இருந்தாலும் நொறுக்குத் தீனி மட்டுமே.

கறுப்புப் பூனை வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க ஒரு செய்தி: கறுப்பு நிறமியான யூமெலனின் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகிறது. உணவில் டைரோசினும் அதன் முன்னோடியான ஃபினைல் அலனினும் குறைந்தபோது கறுப்புப் பூனைகளின் ரோமம் செம்பழுப்பாக மாறியதை 2001-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வளர்ச்சிக்குப் போதுமான அளவு, கறுப்பைக் காக்கப் போதவில்லை. வெயிலாலும் ரோமம் வெளுக்கும் என்பதால், நிறம் மாறியதும் தீனியைக் குற்றம் சொல்லிவிட முடியாது.

தீனியைக் குற்றம் சொல்லிவிட முடியாத நிலைகள் பல. அரிப்புக்கும் முடி உதிர்வுக்கும் மிகப் பரவலான காரணங்களுள் தெள்ளுப்பூச்சி ஒன்று. பூனை நக்கித் துடைக்கும்போதே பூச்சிகளை விழுங்கிவிடுவதால் அவை கண்ணில் படாமலே போகலாம். ஆனால் நெருக்கமான சீப்பால் வாரி, உதிரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் வைத்தால், தெள்ளின் கழிவாக இருப்பவை சிவப்பாகக் கரையும், ஏனெனில் அது செரித்த இரத்தம். வழுக்கைத் திட்டில் எஞ்சிய ரோமங்களைக் கால்நடை மருத்துவர் நுண்ணோக்கியில் பார்ப்பார்: நுனி கூராக முடிந்திருந்தால் அது வளர்ந்தபடியே இருக்கும் ரோமம், நுனி முறிந்திருந்தால் பூனையே நக்கி ஒடித்திருக்கிறது, காரணம் அரிப்பாகவோ வலியாகவோ பதற்றமாகவோ இருக்கலாம். முதுகின் பின்பகுதியில் மட்டும் பொடுகும் சிக்கும் தோன்றினால், பருமனாலோ மூட்டுவலியாலோ அந்த இடத்தை நாக்கு எட்டவில்லை என்று சந்தேகிக்கலாம். நாக்கின் முட்களின் நுனியில் உள்ள குழிவுகள் உமிழ்நீரை ரோமத்தின் அடிவரை கொண்டுசெல்கின்றன என்று ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். அந்தத் துப்புரவு நின்றுபோன இடத்தில் உணவால் மட்டும் பளபளப்பைக் கொண்டுவர முடியாது.

உணவு ஒவ்வாமை இவற்றைவிட அரியது. பூனைகளில் அதைத் தூண்டுவதாகப் பெரும்பாலும் பதிவாகியிருப்பவை மாட்டிறைச்சி, மீன், கோழி; தானியங்கள் பட்டியலில் பின்தங்கியே இருக்கின்றன. அதை உறுதிசெய்ய, பூனை முன்பு உண்டிராத புரதத்தையோ, நுண்துணுக்குகளாகச் சிதைத்த புரதத்தையோ மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்து, பிறகு பழைய உணவுக்குத் திரும்பி அரிப்பு மீள்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

ஒவ்வாமை இல்லாத பூனைக்கும் பொறுமை வேண்டும். தோலின் மேலடுக்கு புதுப்பிக்கப்பட ஏறத்தாழ மூன்று வாரமாகும், ரோமத்துக்கு அதைவிடக் கூடுதலாகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன் ஒரு தீனியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில் பொருளில்லை. பழைய தீனியோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் மாற்றி முடிக்கலாம். பசித்தால் தானே உண்ணும் என்று விட்டுவைப்பது பூனையிடம் செல்லாது. இரண்டு மூன்று நாள் உண்ணாமல் இருந்தாலே, குறிப்பாகப் பருத்த பூனையின் உடற்கொழுப்பு கல்லீரலில் வந்து குவிந்து உயிருக்கே ஆபத்தாகக்கூடும். ஆகவே புதிய தீனியை அறவே மறுக்கும் பூனைக்குப் பழையதைத் திரும்பக் கொடுத்து, அதே வகைக் கொழுப்பும் புரதமும் உள்ள வேறொன்றைப் பின்னர் முயல்வதே சரி.