நனைந்த பத்திரத்தை வெயிலில் போடாதீர்கள்

‘பீரோவின் கீழ்த்தட்டுவரை தண்ணீர் ஏறிவிட்டது. வீட்டுப் பத்திரம், மார்க் ஷீட், அப்பாவின் கணக்கு நோட்டுகள் எல்லாம் ஊறிப்போயின. மொட்டை மாடியில் காயவைக்கலாமா?’ என்று கேட்கிறார் வேளச்சேரி வாசகி ஒருவர். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல வீடுகளில் எழுந்த கேள்விதான்.

வேண்டாம். வெயிலில் காகிதம் ஓரத்திலிருந்து காயும். ஓரம் காயக் காய, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நடுவிலுள்ள நீர் நார்களின் இடுக்குகள் வழியே அங்கே இழுபடும். கரைந்த மை, சேறு, பழைய காகிதத்தின் சிதைவுப் பொருள்கள் எல்லாவற்றையும் சுமந்துவந்து ஓரத்தில் இறக்கிவிட்டு நீர் மட்டும் ஆவியாகும். பழுப்புக் கோடு விழுவது அப்படித்தான். நிழலில் சும்மா கிடத்தினாலும் ஆபத்து. மழைக்காலக் காற்றின் ஈரப்பதத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சைக்கு மருந்தென்று சிலர் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறார்கள். பத்திரத்தின் மூலையில் மங்கலத்துக்கு மஞ்சள் தடவுவது அவரவர் நம்பிக்கை. ஈரத் தாளில் தெளிப்பது இன்னொரு கறையும் இன்னும் கொஞ்சம் ஈரமும்தான்.

முதலில் தரம் பிரித்துக்கொள்ளுங்கள். பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். கணக்கு நோட்டுக்கு நகல் இல்லை, முதல் கவனிப்பு அதற்கே. சேறிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, நோட்டை மூடியபடியே நல்ல தண்ணீரில் அலசலாம். பால்பாயிண்ட் எழுத்து தாங்கும். பவுண்டன் பேனா மையும் ரப்பர் ஸ்டாம்பும் கரையும், அவற்றை அலசாதீர்கள். ஒட்டிய தாளை விரலால் உரிக்கவும் கூடாது. நார்களைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை நீர் தளர்த்திவிடுவதால் ஈரக் காகிதத்துக்குப் பலமே இருக்காது. மேல்தாளில் ஓஎச்பி ஷீட்டை (கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் தாள்) பரப்பி, மெல்லத் தடவி, மூலையிலிருந்து தூக்கினால் தாள் அதோடு ஒட்டிக்கொண்டு எழும். பத்து இருபது தாள் என்றால் ஈரத்தை உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பரில் பரப்பி, அறையில் ஏசியும் ஃபேனும் ஓடவிட்டால் போதும். அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஒட்டும்.

கட்டுக்கட்டாக நனைந்திருந்தால் உறையவையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் பூஞ்சை வளராது, மை ஓடாது, அவசரம் தீர்ந்தது. வழவழப்புத் தாள் புத்தகங்களுக்கு இது கட்டாயம். அவற்றின் களிமண் பூச்சு ஈரத்தில் இளகி, காயும்போது பக்கங்களைச் செங்கல்போல ஒட்டிவிடும்.

அழகு இனிமேல்தான். பீரோவில் போட்ட அந்துருண்டை உருகாமலே சிறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். பனிக்கட்டியும் அப்படிப் பதங்கமாகும், அதாவது நீராகாமலே நேராக ஆவியாகும். திரவமே இல்லாததால் இழுபடவும் கரைக்கவும் எதுவுமில்லை. மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகப் பனியை விட்டுக் கிளம்பும்; மை இருந்த இடத்திலேயே இருக்கும், பக்கங்கள் ஒட்டாது. ஆனால் வேகம் குறைவு. ஆவியாகும் உந்துதலைக் காட்டும் ஆவியழுத்தம் 30 டிகிரி நீருக்குச் சுமார் 42 மில்லிபார், மைனஸ் 18 டிகிரிப் பனிக்கட்டிக்கு ஒன்றேகால்தான். அதனால்தான் பெரிய காப்பகங்களுக்காக வெற்றிட அறைகள் இருக்கின்றன. அழுத்தம் 6 மில்லிபாருக்குக் கீழே போனால் திரவ நீர் நிலைக்கவே முடியாது. அங்கே சிறிது வெப்பம் கொடுத்தாலும் பனி நேராக ஆவியாகும். கிண்டி பிசிஜி ஆய்வகம் காசநோய்த் தடுப்பூசியை உலர்த்துவது இந்த உறைஉலர்த்தல் முறையில்தான். ஊருக்குத் தெரிந்த தொழில்நுட்பம். பத்தாண்டுக்குள் இரண்டு பெருவெள்ளம் கண்ட நகரத்தில், ஆவணங்களுக்கென ஓர் அறை கட்ட அரசு பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

வீட்டில் ஃப்ராஸ்ட் ஃப்ரீ (உள்ளே பனி படியாத) ஃப்ரீசர் அந்த வேலையை மெதுவாகச் செய்யும். உணவை எடுத்துவிட்டு, நோட்டுகளைத் தனித்தனிப் பையில், வாய் திறந்தபடி வையுங்கள். வாரக் கணக்கில், தடிமனாக இருந்தால் மாதக் கணக்கில் ஆகும். வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை பாருங்கள்; எடை குறைவது நின்றால் உலர்ந்துவிட்டது. எடுத்ததும் பையின் வாயைக் கட்டி, ஒரு நாள் கழித்தே திறக்க வேண்டும். சில்லிட்ட தாளில் சென்னைக் காற்று பட்டால் மறுபடி வியர்த்துவிடும்.