பிலிமுக்குள் இருக்கும் கடுகு

விளம்பரத் தட்டிக்காகக் கூத்து ஒத்திகையை, யாரையும் நிறுத்தி வைக்காமல் பிலிமில் எடுத்த யாழ்ப்பாண வாசகர் ஒருவர் கேட்கிறார்: “400 வேகப் பிலிமை 1600 என்று வைத்து, அதாவது கால்பங்கு ஒளி மட்டும் கொடுத்து எடுத்தோம். முகங்கள் வந்தன. தலைமுடியும் கண்ணுக்குக் கீழான நிழலும் நெகட்டிவில் வெறும் கண்ணாடி. இன்னும் கொஞ்ச நேரம் கழுவியிருந்தால் வந்திருக்குமா?”

வந்திராது.

பிலிமின் மேல் ஜெலட்டின் என்ற, மாட்டுத் தோலில் எடுக்கும் பசைப் பூச்சு. அதற்குள் ஒளியை உணரும் வெள்ளி புரோமைட்டுப் பளிங்குகள் இருக்கின்றன. ஒளி பட்டதும் ஓர் இலத்திரன் கழன்று பளிங்குக்குள் அலையும். தங்க இடம் கிடைக்காவிட்டால் வந்த இடத்துக்கே திரும்பிவிடும். அந்த இடத்தைக் கொடுப்பது பளிங்கின் மேலே ஒட்டிய வெள்ளி சல்பைட்டுப் பொட்டு, அதாவது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தது. அங்கே அமர்ந்த இலத்திரன் ஒரு வெள்ளி அயனை இழுத்து அணுவாக்கும். தனி அணு சில நொடிகளில் கலைந்துவிடும். இரண்டு சேர்ந்தால் நிலைக்கும். ஏறத்தாழ நான்கு சேர்ந்தால்தான் கழுவும் திராவகம் அந்தப் பளிங்கைத் தொடும். தொட்டால் முழுப் பளிங்கும் வெள்ளியாகும். நாலு அணு நூறு கோடி மடங்கு பெருகும்!

அந்தக் கந்தகம் எங்கிருந்து வந்தது? ஒரே செய்முறை, ஆனால் ஒரு ஜெலட்டினில் பிலிம் வேகமாகவும் இன்னொன்றில் மந்தமாகவும் அமைந்தது. கோடாக் ஆய்வாளர் ஷெப்பர்ட் 1925இல் காரணத்தை வெளியிட்டார்: ஜெலட்டினுக்குத் தோல் தந்த மாடுகள் கடுகுச்செடி மேய்ந்திருந்தன. கடுகை அரைத்தால் மூக்கில் ஏறுகிறதே, அந்தக் காரத்தில் உள்ள கந்தகம்தான். பசையில் என்ன இருக்கிறது என்று தேடவும் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். உடனே பயன் தெரியாத இத்தகைய ஆய்வுக்கு எங்கள் பல்கலைக்கழகங்களிலும் பணம் ஒதுக்கவேண்டும்.

வாசகரின் நிழலுக்கு வருவோம். எச்பி5 பிளஸ் என்ற 400 பிலிமை, டி-76 என்ற கழுவும் திராவகத்தில் நீர் கலக்காமல் 20 பாகையில் கழுவ, 400க்கு ஏழரை நிமிடம், 1600க்கு அதைவிடச் சில நிமிடம் கூடுதல். கூடுதல் நேரம் முகத்தைத்தான் கறுப்பாக்கும். நிழலில் ஒளி போதாமல் நாலு அணு சேராத பளிங்கு அசையாது. இன்னும் நீட்டினால் ஒளி படாதவையும் கறுத்து மூட்டம் போடும். ஆகவே ஒளிமானியை முகத்தின் இருண்ட பக்கத்துக்குப் பிடியுங்கள். வில்லைத் துவாரம் எஃப் 2, நேரம் 1/60 நொடி என்று வைத்தும் ஒளி போதாதென்றால் ஒத்திகையையே வாசற்பக்கம் நகர்த்துங்கள். ஆட்டக்காரர் கமராவை மறந்தே ஆடுவார்கள்.

எங்கள் கிணற்றுநீர் 28 பாகையை ஒட்டியிருக்கும். அந்தச் சூட்டில் ஏழரை நிமிடம் நாலுக்கும் கீழே சுருங்கி, கழுவல் திட்டுத்திட்டாகும். பிலிம் கழுவும் தாங்கியை ஐஸ் போட்ட தட்டில் வைத்து 24 பாகைக்காவது இறக்குங்கள். ஐந்தேகால் நிமிடம் கிடைக்கும். சுண்ணாம்புக்கல் நீர் காய்ந்தால் பிலிமில் வெள்ளைப் பொட்டு விழும். கடைசி அலசலுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் 300 மில்லிலீற்றரில் நீரைத் துளியாக நிற்கவிடாமல் வழியச் செய்யும் போட்டோ-ஃபுளோ 200 ஒன்றரை மில்லிலீற்றர் விட்டு, துடைக்காமல் தொங்கவிடுங்கள்.