ரத்தம் எங்க போகணும்னு இதயம் முடிவு பண்றதில்ல

ஒரு கையை முஷ்டியா மடக்கி அரை நிமிஷம் நல்லா இறுக்கிப் பிடிங்க, அப்புறம் விரிச்சுப் பாருங்க. உள்ளங்கை வெளுத்துப் போயிருக்கும், பாத்துட்டு இருக்கும்போதே சிவப்பு ஏறும், அதுவும் இறுக்காத அந்த இன்னொரு கையை விட கொஞ்சம் அதிகமாவே சிவக்கும். இப்படி கூடுதலா ரத்தம் அனுப்புன்னு இதயத்துக்கு யாரும் சொல்லல, அந்தக் கையே இழுத்துக்கிச்சு.

ஓய்வா இருக்கும்போது இதயம் நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளுது, உடம்புல இருக்கிற மொத்த ரத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். இதயம் விட்டு விட்டுத்தான் தள்ளுது, ஆனா ஓட்டம் நிக்கிறதில்ல, ஏன்னா பெருந்தமனி, அதாவது இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய குழாய், ரப்பர் மாதிரி கொஞ்சம் உப்பி ரத்தத்தை வாங்கி வெச்சுக்கிட்டு அடுத்த துடிப்பு வர்ற வரைக்கும் தானே சுருங்கி முன்னாடி தள்ளிட்டே இருக்கும். பிபி 120/80னு சொல்றப்ப கீழ இருக்கிற நம்பர் சைபருக்குப் போகாம நிக்கிறதுக்கு இந்த ரப்பர் தன்மையும் ஒரு காரணம், இன்னொரு காரணம் அடுத்து வர்ற சின்னக் குழாய்கள்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடமே அந்தச் சின்னக் குழாய்கள்தான். நுண்தமனிகள்னு பேரு, சுவர்ல வளையம் வளையமா தசை இருக்கும், தசை இறுகினா வழி சுருங்கும், தளர்ந்தா திறக்கும், அவ்வளவுதான், தண்ணி பைப்பைத் திறந்து மூடற மாதிரி. ஆனா கணக்கு பிரமாதமானது. பிரஷர் மாறாம இருந்தா குழாயோட ஆரம் ரெண்டு மடங்கானா ஓட்டம் 16 மடங்கு ஆகும், வெறும் 20 சதவீதம் விரிஞ்சாலே ஓட்டம் ரெண்டு மடங்கு. ஒரு தசை வேலை செய்யும்போது ஆக்சிஜன் குறையுது, கார்பன் டை ஆக்சைடு, பொட்டாசியம், அமிலம்னு கழிவெல்லாம் சேருது, அதுங்களே பக்கத்துல இருக்கிற நுண்தமனியைத் தளர்த்தி விட்டுடுது. உங்க முஷ்டில நடந்ததும் இதான். இது போக, ரத்தம் வேகமா உரசிட்டுப் போகும்போது குழாயோட உள்சுவர் செல்கள் நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயுவை விட்டு குழாயை இன்னும் விரிக்கும், இந்த வாயு ரத்தக் குழாய்ல இப்படி சேதி சொல்ற வேலை பாக்குதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் 1998ல ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூணு பேருக்கும் நோபல் பரிசு கிடைச்சுது.

சரி, எல்லா உறுப்பும் ஒரே நேரத்துல பைப்பைத் திறந்தா? பிரஷர் விழுந்துடும், மூளைக்கு ரத்தம் ஏறாது. அதைக் காவல் காக்கத்தான் கழுத்துத் தமனியிலயும் பெருந்தமனி வளைவுலயும் சுவர் எவ்வளவு இழுபடுதுன்னு உணர்ற நரம்பு முனைகள் இருக்கு. ரொம்ப நேரம் குத்துக்கால் போட்டு உக்காந்துட்டு டக்குனு எழுந்தா கண்ணு இருட்டிட்டு வருமே, அரை லிட்டருக்கும் மேல ரத்தம் கால் பக்கம் இறங்கிடுது, பிரஷர் சரியுது, உடனே மூளைத்தண்டு இதயத்தை வேகப்படுத்தி குடல், தோல் பக்கத்துக் குழாய்களை இறுக்கி, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வர்ற சிரைகளையும் சுருக்கி சில செகண்ட்ல சமாளிச்சுடுது. சிரைகளைச் சாதாரணமா நினைக்காதீங்க, பாதிக்கு மேல ரத்தம் எப்பவும் அங்கதான் இருக்கு, நடக்கும்போது கெண்டைக்கால் தசை அதைப் பிழிஞ்சு மேல ஏத்தும், உள்ள இருக்கிற வால்வு கீழ இறங்க விடாது.

இத்தனையும் செய்ற இதயத்தோட சொந்தத் தசைக்கு? அது சுருங்கும்போது தன் குழாயைத் தானே நசுக்கிக்குது, அதனால இடது பக்கத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் துடிப்புக்கு நடுவுல வர்ற ஓய்வுலதான் கிடைக்குது. சும்மா இருக்கும்போதே வர்ற ஆக்சிஜன்ல பெரும்பகுதியை உறிஞ்சிடுது, கூட வேணும்னா ஓட்டத்தைக் கூட்டுறதைத் தவிர வேற வழி கிடையாது. அந்தக் குழாய்ல கொழுப்பு அடைச்சிருக்கிறவங்களுக்கு உக்காந்திருக்கும்போது ஒண்ணும் தெரியாம மாடிப்படி ஏறும்போது மட்டும் நெஞ்சு பிடிக்கிறது இதனாலதான்.