அமெண்ட்மென்ட் – திருத்தம்

அமெரிக்க நீதிமன்றப் படங்களில் சாட்சிக் கூண்டில் இருப்பவர் 'ஃபிஃப்த் அமெண்ட்மென்ட்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். குற்ற வழக்கில் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற உரிமை அது. தமிழில் 'ஐந்தாம் திருத்தம்' என்கிறோம். அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் பிரிவில் செய்த திருத்தம் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல, வரிசையில் ஐந்தாவதாக வந்தது, அவ்வளவுதான். ஐந்தாம் பிரிவு வேறு. திருத்தம் செய்யும் வழியைச் சொல்வதே அந்தப் பிரிவு.

லத்தீனில் 'மெண்டா' என்றால் பிழை. 'வெளியே' என்ற பொருள் தரும் முன்னொட்டு சேர்ந்து 'எமெண்டாரே', அதாவது பிழை நீக்குதல், ஆயிற்று. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'அமெண்ட்' ஆனது. கிழிந்த துணியைத் தைப்பதற்குச் சொல்லும் 'மெண்ட்' இதன் தலை நறுக்கிய வடிவம்.

தமிழில் திருந்து தன்வினை, திருத்து பிறவினை. சங்கப் பாடல்களில் வரும் 'திருந்திழை' நேர்த்தியாகச் செய்த நகை அணிந்தவள். காட்டைத் திருத்திக் கழனியாக்குகிறோம், விடைத்தாள் திருத்துகிறோம், முடி திருத்துகிறோம். லத்தீன் சொல்லில் பிழை முன்னால் நிற்க, நம் சொல்லில் நேர்த்தி முன்னால் நிற்கிறது. எனக்கு நம்முடையதே பிடித்திருக்கிறது.

ஆனால் திருத்தம் என்றதும் அடித்து எழுதுவதுதான் நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் எதையும் அடிப்பதில்லை. 1789இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் மாற்றங்களை அரசமைப்பின் மூல வாசகத்துக்குள்ளேயே செருக விரும்பினார். மூலத்தைத் தொடாமல் கடைசியில் சேர்க்க வேண்டும் என்று இன்னொரு உறுப்பினரான ரோஜர் ஷெர்மன் வாதாடினார். ஷெர்மன் சொன்னதே நின்றது. பேச்சுரிமை, சமய உரிமை உள்ளிட்ட முதல் பத்துத் திருத்தங்கள் 1791 டிசம்பர் 15 அன்று அப்படித்தான் சேர்ந்தன.

இதன் விளைவை ஆவணத்திலேயே பார்க்கலாம். மாநிலங்களுக்குப் பிரதிநிதிகளைப் பங்கிடும் முதல் பிரிவு, 'மற்ற எல்லா நபர்களையும்' ஐந்தில் மூன்று பங்காக எண்ணச் சொல்கிறது. அடிமை என்ற சொல் அங்கே இல்லை, ஆனால் அடிமைகளைத்தான் குறித்தார்கள். 1865இல் 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது, குற்றத் தண்டனையாக வரும் கட்டாய வேலையை மட்டும் விட்டுவைத்து. 1868இல் 14ஆம் திருத்தம் அங்கே பிறந்தவர்களைக் குடிமக்களாக்கி, சட்டத்தின் சமப் பாதுகாப்பை மாநிலங்களின் மீது கடமையாக்கியது. 1870இல் 15ஆம் திருத்தம் இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. அப்புறமும் அந்த 'ஐந்தில் மூன்று' வரி அச்சில் அப்படியே இருக்கிறது. படிக்கையில் நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் அதை மறைக்காமல் வைத்திருப்பதே நேர்மை என்பேன். மதுவிலக்கு கொண்டுவந்த 18ஆம் திருத்தமும், 1933இல் அதை ரத்து செய்த 21ஆம் திருத்தமும்கூட ஒரே ஆவணத்தில் இருக்கின்றன.

சரி, கடைசியில் சேர்ப்பதால் 'பிற்சேர்க்கை' எனலாமா? கூடாது. பிற்சேர்க்கை மூலத்தை மாற்றாது, இது மாற்றும். வெறும் 'சட்டத் திருத்தம்' என்பதும் போதாது. சாதாரணச் சட்டத்தைத் திருத்துவது அவ்வளவு பெரிய காரியமில்லை. இதற்கோ நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், இன்றைய கணக்கில் 38, ஏற்க வேண்டும். பெண்களின் வாக்குரிமைக்கான 19ஆம் திருத்தம் 1920இல் டென்னசி மாநிலத்தில் ஊசலாடியபோது, 24 வயது சட்டமன்ற உறுப்பினர் ஹாரி பர்ன் எதிர்ப்பாளர்களின் சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்தியிருந்தார். சட்டைப் பையில் அம்மாவின் கடிதம் இருந்தது. அம்மா சொன்னபடி ஆதரித்து வாக்களித்தார்.

ஆகவே 'அரசமைப்புத் திருத்தம்' என்பதே பொருந்தும். நாட்டின் பெயரையும் சேர்த்து எழுதுவது நல்லது. '13ஆம் திருத்தம்' என்று மட்டும் எழுதினால், இலங்கைத் தமிழருக்கு 1987இன் மாகாண சபைகள்தான் நினைவுக்கு வரும்.